தண்ணீர் ஓரத்து நிலம் யாருடையது?

திருப்புட்குழி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் சென்ற வாரம் ஒரு மனைத் தரகர் வண்ணத் துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்தபடி பெரிய ரிசார்ட் வரப்போகிறதாம். அதை ஒட்டி மனை போட்டிருக்கிறார்களாம். முன்பதிவு செய்தால் தங்கக் காசாம். கடையில் இருந்த நெசவாளர் ஒருவர், "அது செங்கல்பட்டு ஜில்லா விவகாரம், நமக்கென்ன?" என்று மடித்து வைத்துவிட்டார். தலித் குடியிருப்பிலிருந்து வந்திருந்த பெரியவர் மட்டும் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருடைய அம்மா பிறந்த ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். "தாத்தா பேர்ல அங்க டி.சி. நிலம் இருந்ததுன்னு அம்மா சொல்லும். உப்புத் தண்ணி ஏறுற பூமி, ஒண்ணும் வெளையாதுன்னு விட்டுட்டு வந்துட்டாங்க" என்றார்.

நமக்கென்ன என்று கேட்டவருக்கு முதலில் ஒரு தகவல். 2019 நவம்பர் 29 வரை செங்கல்பட்டு நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதற்கும் முன்னால், காஞ்சிபுரமே செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் இருந்தது. பஞ்சமி நிலத்தின் கதை தொடங்கியதும் அந்த ஜில்லாவில்தான். அங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை குறித்து 1891இல் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் வெளியானது 1010ஆம் எண் அரசாணை. தரிசைக்கூட விட்டுக்கொடுக்க மனமில்லாத மிராசுதாரர்கள் நிறைந்த ஜில்லா இது. அவர்களிடமிருந்து தப்பிய நிலம்தான் நம்மவர்களுக்கு வந்தது. உவர் மண், மேட்டுத் தரிசு, ஏரிப்புறம் என்று யாரும் சீந்தாத பூமிதான் பெரும்பாலும்.

அந்த நிலத்தோடு நிபந்தனையும் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் இழப்பீடு எதுவும் தராமல் அரசே நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனைகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

யாரும் சீந்தாத அந்தப் பூமிக்கு இப்போது 'வாட்டர் ஃபிரண்ட்' என்று பெயர். கோவளத்தில் 1974இல் நட்சத்திர ஓட்டல் திறந்ததிலிருந்து மாமல்லபுரம் வரை கடலும் கழிமுகமும் காசாகிவிட்டன. 2023இல் வெளியான தமிழக சுற்றுலாக் கொள்கை இந்தத் துறைக்குத் தொழில் அந்தஸ்தும் கொடுத்துவிட்டது. சாலை அகலமாகிறது, முதலீடு வருகிறது. வரட்டும். ரிசார்ட்டே கூடாது என்பது நம் கட்சி அல்ல. அங்கே தோட்ட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆனால், பாட்டனுக்குக் கொடுத்த நிலத்தில் பேரன் தினக்கூலிக்குப் புல் வெட்டுகிறானா என்பதை யாராவது பார்க்க வேண்டாமா?

இன்றைய அனுமதி முறை இதைப் பார்ப்பதில்லை. 1991, 2011, 2019 என மூன்று முறை கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. மூன்றிலும் உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கு உண்டு. நெருக்கமாக மக்கள் வாழும் கிராமக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது 2019 அறிவிக்கை. ரிசார்ட்காரர்களுக்கு அது பெரிய லாபம். அந்த நிலம் 1892 அரசாணைப்படி ஒப்படைத்ததா என்ற கேள்வியோ மூன்றில் எதிலும் இல்லை.

வருவாய்த் துறையின் பதிவேட்டிலாவது இருக்குமா என்றால், அங்கேதான் சிக்கல். பழைய செட்டில்மெண்ட் 'அ' பதிவேட்டில் டி.சி. என்று குறிப்பு இருக்கும். 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். நில உடைமைப் பதிவேட்டுப் பணியின்போது பல இடங்களில் அந்தக் குறிப்பு ஏறாமல் போனது. இப்போது கணினிப் பட்டாவில் தேடினால் சாதாரண ரயத்துவாரி என்றுதான் வரும். பவர் பத்திரம், கிரையம், மறு கிரையம் என்று நாலு கை மாறியபின் வாங்குகிற கம்பெனி, "வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லையே" என்கிறது. அது பொய்யும் இல்லை. வில்லங்கச் சான்று பத்திரப் பதிவைத்தான் காட்டும், 1892ஐக் காட்டாது.

இதைக் கேட்டு உயிர் போனதும் இந்த மண்ணில்தான். மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறோம்.

கட்டி முடித்த பிறகு என்ன செய்ய முடியும் என்கிறவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து தீவில் 54 வில்லாக்களோடு எழுந்த காப்பிகோ ரிசார்ட்டை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் வலை போடும் இடத்தை இழந்த மீனவர்களும் உண்டு. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. கடலோர விதியை மீறியதற்கு அந்தத் தண்டனை. பஞ்சமி நிபந்தனையை மீறினால் நிலத்தையே எடுத்துக்கொள்ளும் அதிகாரம் நம் அரசிடம் 130 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமும் ஆகும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றுதான். நீர்நிலை ஓரத்தில் எந்தத் திட்டத்துக்கு அனுமதி கேட்டாலும், அந்த சர்வே எண்களின் பழைய 'அ' பதிவேட்டு நகலை வட்டாட்சியர் சான்றோடு விண்ணப்பத்துடன் இணைக்கச் சொல்ல வேண்டும். புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். பரந்தூர் விமான நிலையப் பேச்சு வந்ததிலிருந்து நம் பக்கத்து ஏரிக்கரைகளுக்கும் தரகர்கள் வரத் தொடங்கிவிட்டதால், கடலோரத்தோடு இது நிற்கப்போவதில்லை.

டீக்கடைப் பெரியவரிடம் சர்வே எண் இல்லை. தாத்தா பெயரும் கிராமத்தின் பெயரும்தான் இருந்தன. பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கிராமத்தின் டி.சி. நிலப் பட்டியலைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பதில் தர அலுவலகத்துக்கு முப்பது நாள் கெடு.