போர் முடிந்தது, 1873 சட்டம் முடியவில்லை: இலங்கை மனநலச் சட்டம் நமக்கு ஏன் முக்கியம்?

சாமளாபுரத்தில் உங்களோடு விசைத்தறியில் ஷிஃப்ட் பார்க்கும் நண்பர், இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. தீபாவளிப் பட்டாசுச் சத்தத்துக்கே நடுங்குகிறார். 'அவங்க அப்படித்தான்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை கேட்க அந்த அம்மாவுக்கு உரிமை இருக்கிறதா?

இலங்கையில் என்ன சட்டம்?

1983-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால், மனநோய்க்கான சட்டம் ஆங்கிலேயர் 1873-ல் கொண்டுவந்ததுதான். தானாக முன்வந்து மருத்துவமனையில் சேரும் வழி பின்னர் திருத்தத்தில் வந்தது. அடிப்படை மட்டும் மாறவில்லை. ஒருவரை எப்படிப் பிடித்து உள்ளே வைப்பது என்றுதான் அது அதிகம் பேசுகிறது. நோயாளியின் உரிமை பற்றி அல்ல.

மாற்ற முயற்சியே நடக்கலையா?

நடந்தது. போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தொடர்ந்து எழுதினார். 2004 சுனாமிக்குப் பிறகு, 2005-ல் மனநலக் கொள்கை வந்தது. சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோவது அதன் நோக்கம். புதிய சட்டத்துக்கு வரைவுகளும் எழுதினார்கள். ஆனால், போர் முடிந்து பத்தாண்டு கடந்தும் அவை சட்டமாகவில்லை. கொள்கையை வைத்து கிளினிக் திறக்கலாம். கோர்ட்டில் உரிமை கேட்க சட்டம்தான் வேண்டும்.

நம்ம ஊரில்?

இங்கேயும் சும்மா வந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்தார்கள். இன்றைய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது.

அதன் 18-வது பிரிவில் கவனிக்க வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. அரசு மனநல சேவையைப் பெறும் உரிமை 'ஒவ்வொரு நபருக்கும்' என்கிறது அந்தப் பிரிவு. 'குடிமகன்' என்று சொல்லவில்லை. அதாவது, மறுவாழ்வு முகாமில் குடியுரிமை இல்லாமல் வாழ்ந்தாலும் அந்த அம்மாவுக்கு உரிமை உண்டு. விட்டு வந்த நாட்டின் பழைய சட்டம் தராததை, வந்து சேர்ந்த நாட்டின் சட்டம் தருகிறது.

அப்போ என்ன செய்யலாம்?

மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அடுத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு.

சட்டம் சிகிச்சையைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்கிறது. ஆனால், அம்மாவைக் கூட்டிப்போக நண்பர் லீவு போட்டால் போகும் அன்றைய கூலியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு ஷிஃப்டை நீங்கள் மாற்றிப் பார்த்துக்கொடுத்தால், அவர் கிளம்பிவிடலாம்.