தூணோரம் நிற்கும் தாய்

மகனை வளர்த்து ஆளாக்கிய தாய், கணவனை இழந்தவள் என்பதனாலேயே அவன் மணவிழாவில் தூணோரம் ஒதுங்கி நிற்கின்றாள். எவரும் அவளைத் தள்ளவில்லை, தானே ஒதுங்குகின்றாள். கொடுமை அதுதான்! நாள்தோறும் வீட்டு விளக்கேற்றுபவளும் மகனுக்காக நோன்பிருப்பவளும் அவளே. ஆயினும், தன் நிழலே தீங்கென்று நம்புமாறு அவளைப் பழக்கிவிட்டனர். இதனை அடக்கம் என்றும் மனநிறைவு என்றும் புகழ்வாரும் உளர். வாய்மூடி நிற்பது நிறைவாகுமா?

தொல்காப்பியம் காஞ்சித்திணையில் மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதாரநிலை என்றும், கணவனை இழந்தவள் நிலையைத் தாபதநிலை என்றும் இருவர்க்குமே பெயரிட்டது. ஆணுக்குரிய பெயர் வழக்கொழிந்தது. அவன் மறுமாலை சூடப் போய்விட்டான். பெண்ணுக்கோ 'விதவை' எனும் வடசொல் வந்து ஒட்டிக்கொண்டது. (அதனைக் கைம்பெண் என மாற்றியதோடு கடமை முடிந்ததென்று இருப்போரும் உண்டு.)

தமிழ்நாட்டில் 1967-இல் இயற்றப்பெற்ற தன்மதிப்புத் திருமணச் சட்டப்படி, பூசகர் வேண்டா. வடமொழி ஓதலும் வேண்டா. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினும், கணையாழி அணிவிப்பினும், தாலி கட்டினும் மணம் செல்லும். அவ்வாறு மணம் நடத்தும் கொள்கையாளர் பலரும், தாலி எடுத்துக் கொடுக்கத் தலைவரைத் தேடி ஊர் ஊராய் அலைகின்றனர். பெற்றவள் அங்கேயே, அந்தத் தூணோரத்திலேயே நிற்கின்றாள். அவளை அழைத்து அவள் கையில் தாலியைக் கொடுக்க எந்தச் சட்டம் தடுக்கின்றது?