கை தட்டினது போதுமுங்க!

உங்ககிட்ட ஒரு கேள்வி. கடைசியா ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டீங்களே... கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க, பக்கத்து நாற்காலிக்காரரோட சேர்ந்து கை தட்டினீங்க. அவர் என்ன சொன்னார்? யோசிச்சுப் பாருங்க. ஒரு ஜோக் ஞாபகம் வருது. முடிக்கும்போது சொன்ன குட்டிக் கதை ஞாபகம் வருது. அப்புறம்?

கோயமுத்தூர்ப் பக்கம் மேடைக்குப் பஞ்சமே கிடையாது. காலேஜ் ஆண்டு விழா, ரோட்டரி கூட்டம், ப்ளஸ் டூ பரீட்சைக்கு முந்தின மாசம் ஸ்கூல் மைதானம்... யாராவது ஒருத்தர் மைக்கைப் பிடித்து 'உன்னால் முடியும்' என்று முழங்கிக்கொண்டே இருக்கிறார். அந்த மேடைகளுக்குத் தவறாமல் இழுத்து வரப்படுகிறவர் ஜி.டி.நாயுடு. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தார், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார், ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். படபடவென்று கைதட்டல்!

இதில் முக்கியமான இடத்தை முழுங்கிவிடுகிறார்களே, அதுதான் என் கோபம். வாங்கிய வண்டியை அவர் நட்டு போல்ட்டாகக் கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டினார். கழற்றுவது சுலபம். மாட்டுவதற்கு எத்தனை ராத்திரி முழித்தாரோ! அதைச் சொன்னால் கூட்டம் கொட்டாவி விடும் என்று பயம். இன்னொன்றையும் சொல்ல மாட்டார்கள். அவர் முயற்சியில் 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இன்றைய ஜி.சி.டி. அதுதான். நாலு வருஷப் படிப்பு தண்டம், சீக்கிரமே முடிக்கலாம் என்று நாயுடு மல்லுக்கட்டினார். அரசாங்கம் கேட்கவில்லை, விலகிவிட்டார். தோற்ற சண்டை. தோற்ற சண்டைக்கு மேடையில் ஏது இடம்?

கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் கழிவு கலந்ததற்கு அந்த உத்தரவு வேண்டியதுதான். ஆனால் பட்டறையில் வேலை பார்த்தவன்? கையில் தொழில் இருந்தது, உடம்பில் உழைப்பு இருந்தது, சம்பளம் மட்டும் நின்று போனது. அவனிடம் போய் 'எண்ணத்தை மாற்று, வாழ்க்கை மாறும்' என்பீர்களா? ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சாயத் தண்ணியில் நிலம் கெட்டுப்போன விவசாயி எந்த எண்ணத்தை மாற்றுவார்? தோல்விக்குக் காரணம் நீயேதான் என்று சொல்லிச் சொல்லி தண்ணி, கோர்ட், நூல் விலை, கந்து வட்டி எல்லாத்தையும் மேடையைவிட்டு இறக்கி விட்டுடறாங்க. மிச்சம் நிற்கிறவன் நீங்க ஒருத்தர்தான், குற்றவாளிக் கூண்டுல!

நம்பிக்கைதான் குறைச்சலா நமக்கு? 2012-ல் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை சரிந்தபோது பணத்தைத் தொலைத்தவர்கள் சோம்பேறிகள் இல்லைங்க. மாசா மாசம் பணம் வரும் என்றதை நம்பியவர்கள். 'ஏனுங்க, இந்தக் கோழியை யாரு வாங்கித் திங்கறாங்க?' என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஈரோட்டுக்காரர் ஒருவர் சொல்லித் தந்தார். நான் சொல்றேங்கிறதுக்காக ஒப்புக்காதீங்க, உங்க அறிவுக்குச் சரின்னு பட்டா எடுத்துக்குங்க என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார் பெரியார். அவர் கொள்கை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். இந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்குச் சொல்லும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாராவது இருந்தால் காட்டுங்கள், நானே மாலை வாங்கி வருகிறேன்.

எல்லாப் பேச்சும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நாப்கின் மெஷின் முருகானந்தம் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? 14 வயதில் படிப்பை விட்ட கோவைக்காரர், 2016-ல் பத்மஸ்ரீ. கம்பெனி நாப்கினுக்குள்ளே இருப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று தெரியவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது, நடுவில் மனைவி பிரிந்து போய்ப் பிறகு திரும்பி வந்தார் என்று புட்டுப் புட்டு வைப்பார். வீட்டுக்குப் போனாலும் அந்த மரக்கூழ் மறக்காது.

எனக்கும் வேலை இல்லாத இரண்டு வருஷம் உண்டு. ஆர்.எஸ்.புரம் கவுலி பிரவுன் ரோடு மத்திய நூலகத்தில் ஃபேன் ஓடுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஜெயிப்பது எப்படி வகையறா புத்தகங்கள் பத்திருபது முடித்தேன். ஒவ்வொன்றும் ரெண்டு நாள் தாங்கும், டானிக் மாதிரி. தூக்கம் போனது ஆர்.ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' படித்த ராத்திரிதான். 1942-ல் வந்த நாவல். காட்டில் தன் பங்கைக் கேட்கிற ஒரு விதவையின் கதை. நீ ஜெயிப்பாய் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் எங்க வீட்டுப் பங்காளிச் சண்டையில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று அதற்கப்புறம்தான் எனக்கு விளங்கியது. அம்மாவிடம் பேச்சை ஆரம்பித்தேன்.

2005-லிருந்து ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கிறது. சாயங்காலப் பேச்சுக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் உட்காரும். உண்டியல் காசை எடுத்துக்கொண்டு புத்தகம் வாங்க வரும் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். சில்லறையை எண்ணி எண்ணித்தான் தேர்ந்தெடுப்பார்கள். பேச்சு நடத்தும் பள்ளி நிர்வாகிகள் ஒருமுறை அங்கே போய் நிற்கட்டும். பேச்சாளருக்குக் கொடுக்கும் கவரில் பாதியை உங்க ஸ்கூல் லைப்ரரிக்குக் கொடுங்க சாமி. லைப்ரரியா? பல ஸ்கூல்களில் அது ஒரு கண்ணாடி பீரோ. பூட்டியிருக்கும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று.