குரலைக் காக்கும் வழி

ஊரிலிருந்து பாட்டி வாட்ஸ்அப்பில் பாடியனுப்பிய தாலாட்டு கைபேசியில் கேட்கிறது. அதையே பென் டிரைவில் ஏற்றிக் காரில் செருகினால் ஒலிப்பதில்லை. கோப்புக் கெட்டுவிட்டதோ என்று அன்பர்கள் ஐயுறுகின்றனர்.

கெடவில்லை. அகலப்பாதை வண்டி மீட்டர் கேஜில் ஓடாது. அதனால் வண்டி பழுதென்று ரயில்வேயில் நாம் எழுதுவதில்லை. ஒலிக்கோப்பின் நிலையும் அஃதே. வாட்ஸ்அப் குரற்செய்தி ‘ஓபஸ்’ என்னும் முறையில் சுருக்கப்படுவது. பழைய கார்க் கருவிகள் பல அம்முறையை அறியா, எம்.பி.3 முறையையே அறியும். கோப்புப் பெயரின் கடைசி எழுத்துக்களை மாற்றுவதாலும் பயனில்லை. பார்சலின் மேற்சீட்டை மாற்றினால் உள்ளிருக்கும் சரக்கு மாறுமா?

எம்.பி.3 முறைக்குக் காப்புரிமை இருந்தது. கருவி செய்வோர் உரிமத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. அவ்வுரிமத் திட்டம் 2017-இல்தான் முடிவுற்றது. இதற்கிடையே, கட்டணமின்றி யாவரும் கையாளத்தக்க திறந்த முறைகள் தோன்றின. 2001-இல் ஃப்ளாக், 2002-இல் வோர்பிஸ், 2012-இல் ஓபஸ் எனப் பொதுப் பயனுக்கு வந்தன. இவற்றுள் ஃப்ளாக், ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் சுருக்குவது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிடப் பதிவுக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். ஃப்ளாக்கில் ஏறத்தாழப் பாதி போதும். மற்ற இரண்டும், எம்.பி.3-ஐப் போலவே, செவிக்கு எளிதில் புலப்படாத பகுதிகளை நீக்கிச் சிறிதாக்குவன.

இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் இம்மூன்றையும் இயக்கும். ஐபோன் 2017 முதல் ஃப்ளாக்கை இயக்குகிறது. கணினியில் வி.எல்.சி. என்னும் இலவசச் செயலி அனைத்தையும் இயக்கும், எம்.பி.3 நகலும் எடுத்துத் தரும்.

ஆதலின் நாம் கூறுவது இது. வந்த கோப்பை வந்தபடியே இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். காருக்கு எம்.பி.3 நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் கிடைத்ததென்று மூலத்தை அழித்துவிடாதீர்கள். அவ்வாறு மாற்றுந்தோறும் ஒலி சிறிது தேயும். தேய்ந்ததைப் பின்னர் ஃப்ளாக்காக மாற்றினாலும் இழந்தது மீளாது. விடுமுறைக்கு ஊர் சென்று முதியோர் குரலைப் புதிதாகப் பதிவு செய்வோர், தொடக்கத்திலேயே ஃப்ளாக்கில் பதிவு செய்வது நலம்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆயினும் திறந்த முறைகளின் இலக்கணம் யாவரும் படிக்க வெளியிடப்பட்டிருப்பதால், நாளை வேறொருவர் அதைக் கொண்டு புதுக்கருவி செய்யலாம். அயல் மண்ணில் வளரும் நம் குழந்தைகளுக்கு ஊர்ப்பேச்சின் சுவையைத் தருவது அக்குரலே. அதைப் பூட்டிய பெட்டியில் வைக்கலாகாது.