ஏழு வயதில் என்ன பாவம்?

"எங்கள் பாதிரிமார் பள்ளிக்கூடம் வைத்திராவிட்டால் படகுக்காரன் மகனும் துறைமுகக் கூலியின் மகளும் எழுத்தை எங்கே கண்டிருப்பார்கள்?" என்று இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ நண்பர்கள் நம்மைக் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். சூத்திரனும் ஆதிதிராவிடனும் படிக்கக்கூடாது என்று சாஸ்திரம் எழுதி வைத்திருந்த நாட்டில், வாசலைத் திறந்தவர்களுக்கு நன்றி சொல்ல நாம் தயங்கவில்லை. ஆனால் உள்ளே வந்த குழந்தையின் அறிவுக்குத் தாழ்ப்பாள் போடலாமா என்பதே நமது கேள்வி.

இராயப்பர் என்றால் பீட்டர். ஊரின் பேரும் அது. படகுக்காரர்கள் 1829-இல் எழுப்பிய கோவிலின் பேரும் அது. கத்தோலிக்கர் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பிசாசை விலக்குவதாகவும் விசுவசிப்பதாகவும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொல்லுவார்கள். குழந்தையோ பால் கேட்டு அழும். பேச வாய் வருமுன்னே அதன் விஷயம் பேசி முடிக்கப்பட்டுவிட்டது!

பிறகு ஞானோபதேசம். கேள்வியும் அச்சில், விடையும் அச்சில். பிள்ளை தானாக ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் புத்தகத்தில் இடமில்லை. வீட்டில் கேட்டாலோ, "சாமியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், வாயை மூடு" என்பாள் தாய்.

1910-இல் போப் பத்தாம் பயஸ், ஏறக்குறைய ஏழு வயதில் புத்தி தெளிந்துவிடுகிறது, ஆதலால் பிள்ளை பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கவேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை என்ன பாவம் செய்திருக்கும்? தம்பியின் மிட்டாயைத் தின்றிருக்கும். அதை மண்டியிட்டு ஒரு பெரிய மனிதர் காதில் சொல்லவேண்டுமாம்!

சர்க்கார் சட்டமும் ஏழு வயதைச் சொல்லுகிறது. எதற்காக? ஏழுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை செய்வது குற்றமே அல்ல என்றும், ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் முதிர்ந்த புத்தி இல்லாவிட்டால் அதுவும் குற்றமல்ல என்றும் சொல்லுவதற்காக. 1860-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்தது. 2023-இல் செய்த புதுச் சட்டத்திலும் இருக்கிறது. போலீசார் விட்டுவிடுகிற வயதில் கடவுள் கணக்குக் கேட்கிறார் என்றால், இருவரில் யார் கருணையுள்ளவர்?

நிற்க. சைவ, வைணவ நண்பர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. எட்டு வயதில் பூணூலை மாட்டி, பொருள் தெரியாத மந்திரத்தைச் சொல்லவைத்தவர்களின் யோக்கியதையும் நமக்குத் தெரியும்.

அரசியல் சட்டத்தின் 28-வது விதி, சர்க்கார் அங்கீகாரமோ உதவிப்பணமோ பெறும் பள்ளியில், மைனர் பிள்ளையை அதன் கார்டியன் சம்மதமின்றி மதபோதனைக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. எனவே ஞானோபதேச வேளையில் மற்ற மதத்துப் பிள்ளைகளை நீதிபோதனை வகுப்பில் உட்கார வைப்பது வழக்கம். நல்லது. காசிமேட்டுக் கிறிஸ்தவ மீனவன் பிள்ளை எங்கே போகும்? தகப்பன் சம்மதித்துவிட்டான், பிள்ளையை யாரும் கேட்கவில்லை. குழந்தைக்கும் சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் உண்டென்னும் சர்வதேச உடன்படிக்கையை 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது என்பது எத்தனை தகப்பன்மாருக்குத் தெரியும்?

பயமில்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்பார்கள். நரகத்துக்குப் பயந்து பொய் சொல்லாதவன், நரகமில்லை என்று தெரிந்த அன்றே பொய் சொல்லத் துணிவான். பொய்யால் அடுத்தவன் என்ன நஷ்டப்படுகிறான் என்று அறிந்தவனுக்கு எந்த நரகம் வேண்டும்?

கிறிஸ்தவத் தோழர்களே, உங்கள் வேதத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். மற்ற மதத்தார் சொல்லுவதையும், மதமே வேண்டாமென்று நாம் சொல்லுவதையும் கூடவே சொல்லுங்கள். ஓட்டுப் போடப் பதினெட்டு வயது வேண்டுமென்று ஒப்புக்கொள்ளுகிற நீங்கள், அந்தப் பாவசங்கீர்த்தனத்தையாவது அதுவரை நிறுத்தி வைப்பீர்களா?