பாறசாலையில் ஆங்கில ஆசிரியர் ஆகணுமா? முதலில் தலைக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

களியக்காவிளையில் பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து மீதிச் சில்லறையை வாங்குவதற்குள் பாறசாலை வந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தில் பட்டமும் பி.எட்.டும் முடித்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர நினைத்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் தேர்வும் வேற, விதியும் வேற.

கேரளாவில் என்ன தேர்வு?

8 முதல் 10-ம் வகுப்பு வரை பாடம் நடத்த, கே-டெட் தேர்வின் 3-வது பிரிவில் தேற வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண். பொதுப் பிரிவினருக்கு 90 தேவை, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 82 போதும். மொழிப் பகுதிக்குத் தமிழையும் எடுக்கலாம். எல்லைப் பகுதியில் தமிழில் படித்தவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

பாஸ் பண்ணினால் வேலை உறுதியா? இல்லை. கேரள பி.எஸ்.சி. மாவட்ட வாரியாக நடத்தும் தேர்வில் ரேங்க் பட்டியலில் இடம் பிடிக்கணும். அந்தப் பட்டியலின் ஆயுள் அதிகபட்சம் 3 ஆண்டு.

பணியிடம் எப்படி உருவாகிறது?

ஜூனில் பள்ளி திறந்த 6-வது வேலை நாளில் மாணவர்களின் தலை எண்ணப்படும். அதை வைத்து எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். நீண்ட காலமாக, 5 டிவிஷனுக்குக் குறைவான உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆங்கிலத்துக்கென்று தனி ஆசிரியர் கிடைப்பதில்லை. வகுப்புக்கு ஒரு டிவிஷன் என்றால் மொத்தமே மூன்றுதான். அங்கே வேறு பாட ஆசிரியரே ஆங்கிலத்தையும் நடத்த வேண்டிய நிலை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மற்ற மொழிகளைப் போல பீரியட் எண்ணிக்கையை வைத்து இந்தச் சிறிய பள்ளிகளுக்கும் ஆங்கில ஆசிரியர் தர அமைச்சரவை பிறகு முடிவெடுத்தது. அந்த நியமனமும் தினக்கூலி அடிப்படையில்தான்.

இதில் சிக்கல் என்ன?

ஆங்கிலத்துக்கு டீச்சர் இல்லை என்றால் பெற்றோர் பிள்ளையைத் தனியார் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றுவார்கள். தலைக்கணக்கு குறையும். டிவிஷன் போகும். டீச்சர் வருவது இன்னும் கஷ்டமாகும். தனியார் பள்ளிக்குக் கட்ட வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் கடைசியில் அந்த வகுப்பில் மிஞ்சுவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம் என்று வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழும் இடமே பள்ளிதான். அங்கேயும் ஆள் இல்லை என்றால்?

தமிழ்நாட்டுப் பக்கம்?

கே-டெட் சான்றிதழ் இங்கே செல்லாது. பட்டதாரி ஆசிரியராக டெட் 2-ம் தாள், அதன்பிறகு டி.ஆர்.பி.யின் போட்டித் தேர்வு, அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள்.

அப்போ என்ன செய்யலாம்?

இரண்டு மாநில டெட் தேர்வுகளையும் எழுதிவிடுங்கள். 2021-ல் வந்த மாற்றத்தின்படி டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பட்டியலில் பெயர் வரும் வரை தினக்கூலி வேலையை ஏற்பதா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. ஆனால் ஒன்று: சிறிய பள்ளியில் அந்த ஒரு வருஷம் நீங்கள் நின்றால், அடுத்த ஜூனில் எண்ண நாலு தலை கூடுதலாக இருக்கலாம்.