விளக்கு எரிந்தால் வயர் நல்ல வயரா?

செத்துப்போனதாகச் சொல்லி என்னிடம் வருகிற கீபோர்டுகளில் பெரும்பாலானவை நல்ல உயிரோடுதான் இருக்கின்றன. கோளாறு வயரில். சென்னை மாத்தூரில் பிள்ளைகளுக்கு கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். "மாஸ்டர், லேப்டாப்புல காட்டவே மாட்டேங்குது" என்ற புலம்பல் எனக்குப் பழகிவிட்டது.

சாதாரண யு.எஸ்.பி. வயருக்குள் நான்கு கம்பிகள் ஓடும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் போட மட்டும் செய்த மலிவு வயரில் தகவல் கம்பிகளே கிடையாது. சின்ன கீபோர்டை அதில் சொருகினால் விளக்கு பளிச்சென்று எரியும். லேப்டாப்புக்கோ ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வயரும் ஒரே மாதிரி. மணலியில் ஷிப்ட் பார்க்கிற அப்பா லீவு போட்டுவிட்டு, தவணை கூட முடியாத கீபோர்டை சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். "போர்டு போயிடுச்சு" என்று கையை விரிக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

வயர் வழியாகக் கருவிகள் பேசிக்கொள்வது புதிதல்ல. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் புராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 என்ற இரண்டு கீபோர்டுகளை வயரால் இணைத்துக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் ஒத்துப்போய்க் கொண்டுவந்த அந்த ஏற்பாட்டுக்குத்தான் மிடி என்று பெயர். அதற்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இக்குதாரோ காகேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. 'ரோஜா' படம் வந்த 1992இல் பெரும்பாலும் ஸ்டுடியோக்களுக்கே வாய்த்த வசதி, இன்று எங்கள் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பின் ஒற்றை அறைக்குள்ளும் வந்துவிட்டது.

மிடி வழியாகப் பாட்டு போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற செய்திதான் போகும். ஆகவே லேப்டாப்பில் கீபோர்டின் பெயர் தெரிந்தும் சத்தம் வரவில்லையென்றால், மென்பொருளில் ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்றா என்று பாருங்கள். ஒரு கட்டைக்கு இரட்டைச் சத்தம் கேட்டால் கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணைக்க வேண்டும். ஐந்து முள் வைத்த பழைய மிடி துளையை லேப்டாப்பின் யு.எஸ்.பி.யோடு இணைக்கிற வயர் தனிக் கூத்து. அதில் 'இன்' என்று எழுதிய முனை பல வயர்களில் கீபோர்டின் 'அவுட்'டுக்குள் போக வேண்டும்; நமக்குச் செலவு, கடைக்காரருக்கு வரவு என்கிற கணக்குதான். 'டு டிவைஸ்' என்ற துளை பென் டிரைவுக்கு. கம்ப்யூட்டருக்கு 'டு ஹோஸ்ட்'. இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

ஆடி மாத அம்மன் கோயில் மேடையிலும் கிறிஸ்துமஸ் கேரலிலும் வாசிக்கிற பிள்ளைகள் இவர்கள். கிரேடு தேர்வுக்கு ஸ்கேல் ஒப்பிப்பார்கள். வயர் இணைக்க எந்த வகுப்பிலும் பாடம் இல்லை.

தகவல் போகாத வயரின் உறையில் 'சார்ஜ் மட்டும்' என்று தமிழிலும் அச்சிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, வயர் வாங்கும்போது லேப்டாப்பையும் போனையும் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே இரண்டையும் இணைத்து, ஒரு போட்டோ இந்தப் பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.